இடப்பக்கக் கொக்கிகள்

மாப்பிள்ளை வீட்டிலிருந்து கல்யாண ரவிக்கை வந்து சேர்ந்த அன்றைக்கே அது நந்தினிக்குப் போட வராது என்று பானுப்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது. தையலில் குறை ஒன்றுமில்லை. திருச்சியில் நல்ல கடையில் கொடுத்துத் தைத்திருந்தார்கள். அரக்கு நிறப் பட்டு, முழங்கை வரைக்கும் பிடித்த மாதிரி கை, கை ஓரத்திலும் கழுத்தைச் சுற்றியும் ஆரி வேலை, முதுகுப் பக்கம் கொக்கி. அளவுக்கு என்று இங்கேயிருந்து கொடுத்துவிட்ட ரவிக்கை போன வருஷத்தது. அதைப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நந்தினியால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க முடிந்தது.

"ஒருவாட்டி போட்டுப் பாத்துடுங்க. போட்டோ அனுப்பச் சொல்லியிருக்காங்க" என்றாள் பானுவின் மாமியார் உண்ணாமலை.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பானு தன் நாத்தனாருக்கு ரவிக்கையை மாட்டிவிட ஆரம்பித்தாள். இடது கையை முதலில் விட வேண்டும். கையைத் தூக்காமல் துணியைத்தான் மேலே ஏற்ற வேண்டும். இத்தனை மாதத்தில் பழகிப்போன வேலை. ஆனால் இந்தக் கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. கொஞ்சம் இழுத்தாள். நந்தினி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தபோது அவள் நெற்றி வியர்த்துவிட்டது.

"எறக்கிடுங்க அண்ணி."

இறக்குவதும் சுலபமாக இல்லை. துணி தோளுக்குக் கீழே சுருண்டு பிடித்துக்கொண்டது. வெளியே உண்ணாமலை கதவைத் தட்டி, "ஆச்சா?" என்று கேட்டாள். பானு சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து ஒருவழியாகக் கழற்றி எடுத்தபோது இரண்டு பேரும் ஏதோ மூட்டை தூக்கியவர்கள் மாதிரி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நிச்சயம் முடிந்த அடுத்த மாதம் நந்தினி அடிபட்டாள். அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. காலையில் ஸ்கூட்டியில் போனபோது சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று ஒதுக்கிவிட்டுப் போனது. லாரி அவள்மேல் படக்கூட இல்லை. மண்ணில் சறுக்கி இடப்பக்கமாக விழுந்ததில் தோளுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். வைகாசியில் வைத்திருந்த கல்யாணம் ஆவணிக்குப் போய், ஆவணியிலிருந்து தைக்குப் போயிருந்தது. முழங்கையும் விரல்களும் சரியாகத்தான் இருந்தன. மேசை உயரத்தில் இருக்கிற வேலை எல்லாம் செய்வாள். ஊசி போட்டு ரத்தம் எடுப்பாள், காய் நறுக்குவாள். மார்புக்கு மேலே மட்டும் அந்தக் கை போகாது. தலை சீவ, முதுகுக்குத் தண்ணீர் ஊற்ற, கொக்கி மாட்ட ஒருவர் வேண்டும். இன்னும் சரியாகலாம், முழுசாக ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த ஒருவர் பானுதான். காலையில் பிள்ளைகளுக்குச் சோறு கட்டி அனுப்பி, சிமெண்ட் ஆலைக்கு ஷிப்ட் போகிற புருஷன் குருமூர்த்திக்கு டிபன் வைத்து, நந்தினியைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டு, அப்புறம் தையல் மிஷினில் உட்கார்ந்தால் தெருக்காரர்களின் ரவிக்கைகள் காத்துக்கொண்டிருக்கும். அவளுக்கு நந்தினி மேல் பிரியம் உண்டு. ஆனாலும் கல்யாணத் தேதி நெருங்க நெருங்க, இனி இவளுக்குக் கொக்கி மாட்ட வேண்டியதில்லை என்று மனசின் ஒரு ஓரம் நினைத்தது. நினைத்த கையோடு சங்கடமாகவும் இருந்தது.

"என்ன அண்ணி பண்றது?" என்றாள் நந்தினி.

"பிரிச்சுத் தைக்கணும்."

"அதச் சொல்லல. அங்க போயி யாருகிட்டக் கேப்பேன், கழட்டி விடுங்கன்னு? கல்யாணத்தன்னிக்குப் பகல்லயே அந்த வூட்ல துணி மாத்தணும். புதுசா போன எடத்துல ரவிக்கையக் கழட்ட ஆள் கூப்புடுவனா?"

"அவருகிட்ட சொல்லு. புருஷன்தான?"

"மொத நாளேவா?"

பானு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்குத் தெரியும்ல, கை தூக்க முடியாதுன்னு?" என்று கேட்டாள்.

நந்தினி ரவிக்கையின் ஓரத்து மணிகளைத் தடவிக்கொண்டிருந்தாள். "போன் பண்றப்பல்லாம் கை எப்படி இருக்குன்னு கேப்பாரு. பரவால்லன்னு சொல்லுவேன். மொதல்ல உண்மையாவே சரியாயிடும்னு நெனச்சுத்தான் சொன்னேன். அப்புறம் அதயே சொல்லிட்டு வரேன். அம்மாவும் அவங்க வூட்ல அப்டித்தான் சொல்லியிருக்கு, பழையபடி ஆயிடுச்சுன்னு."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பானு ரவிக்கையைக் கவிழ்த்துப் போட்டு உள்பக்கத்தைப் பார்த்தாள். அக்குளுக்குக் கீழே ஆரி வேலை இல்லை. உள்ளே பிடித்துத் தைத்த துணியும் ஓரளவுக்கு விட்டிருந்தார்கள். மிச்சத் துண்டுத் துணியைக் கவரில் போட்டு அனுப்பியிருந்தார்கள். நல்லவேளை. இடது கையின் அடித்தையலை ஓரத்திலிருந்து பிரித்து, அக்குள் வழியாக இடுப்பு வரைக்கும் திறந்துவிட்டால் கையைத் தூக்கவே வேண்டாம். வலது கையை விட்டுத் தலையை நுழைத்தால் இடப்பக்கம் துண்டு போர்த்திய மாதிரி தோளில் விழும். பிறகு வலது கையாலேயே கீழே கொக்கிகளை மாட்டிக்கொள்ளலாம். முதுகுக் கொக்கியைத் தைத்து மூடிவிடலாம். அக்குளில் ஒரு சாய்வுத் துண்டு வைத்தால் இறுக்கமும் இருக்காது. பிளேட் வைத்த இடத்தில் துணி பட்டாலே நந்தினிக்கு எரியும்; அங்கே மட்டும் மெல்லிய பருத்தி லைனிங்.

அவள் முதல் நூலை அறுத்தபோது உண்ணாமலை வந்து நின்றாள்.

"என்ன பண்ற நீ?"

"பிரிக்கிறேன் அத்தை."

"மாப்பிள்ளை வூட்டு ரவிக்கையவா? அவங்க ஆசையா தச்சு அனுப்புனத நீ கத்திரி வெச்சு அறுக்கிறியா? லேசா தளர்த்தி விட்டா போதாதா?"

"போதாது. அவளுக்கு ஏறல."

"ரெண்டு நாளு எண்ணெ தேச்சுவிட்டா ஏறும்."

பானு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு மாமியாரைப் பார்த்தாள். "அத்தை, பத்து மாசமா எண்ணெ தேக்கிறது நான்தான். ஏறாது."

அது உண்ணாமலைக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததால்தான் அவளால் இத்தனை நாள் நடமாட முடிந்தது. "கல்யாணம் ரெண்டு தடவ தள்ளிப் போயிடுச்சு. இன்னொரு தடவ நின்னா இவள யாரு கட்டுவா? கட்டி அனுப்பிட்டா அவங்க பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் பானுவுக்குப் புடவை ஞாபகம் வந்தது. கூறைப் புடவை கல்யாணத்தன்றைக்கு மணவறையில்தான் கைக்கு வரும். பெண்ணை அழைத்துப்போய் அதைக் கட்டிவிடுவது மாப்பிள்ளையின் அக்கா அனிதா. நந்தினி மறைக்கிற எதுவும் அந்த அறையில் மறையாது. கொசுவம் வைத்து முந்தானையை மேலே எடுக்கும்போது, கையைத் தூக்கு என்று அந்த அக்கா சொல்லுவாள். அப்புறம் முகூர்த்த நேரத்தில் வெளியே பேச்சு கிளம்பும். பானு கண்ணை மூடிக்கொண்டாள். ரவிக்கையோடு இது முடியாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடம்பெல்லாம் வலித்தது.

சாயங்காலம் நந்தினியிடம் சொன்னாள். நந்தினி பிரித்துப்போட்ட ரவிக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க அவங்க வூட்டுக்குப் போயி சொல்லிடுங்க அண்ணி" என்றாள். "நின்னாலும் நிக்கட்டும். பரவால்ல பரவால்லன்னு சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. என் வாயால சொல்லத் தெம்பு இல்ல."

மறுநாள் பானு மாமியாரிடம் நூல்கண்டு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் ஊரான குன்னம் போகிற பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிவிட்டாள். விழித்தபோது ரோட்டின் பாதியில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. பஸ் மறுபாதியில் ஊர்ந்துகொண்டிருந்தது. இறங்கி நடந்துபோனபோது மாப்பிள்ளையின் அம்மா பெரியம்மாளும் அப்படித்தான், தன் வீட்டு முன்னால் ரோட்டோரம் கொட்டியிருந்த சோளத்தைக் காலால் துழாவி விட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்த, உயரமான பொம்பளை. சம்பந்தி வீட்டு மருமகள் தனியாக வருவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"வாம்மா. யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லங்கம்மா. ஒரு விஷயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

பெரியம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மகன் சரத்குமார் பெரம்பலூரில் டயர் கம்பெனியில் வேலை. அன்றைக்குப் பகல் ஷிப்ட். வீட்டில் வேறு யாரும் இல்லை. பானு மோரைக் குடித்துவிட்டு, கூறைப் புடவையை முன்கூட்டியே தர முடியுமா, மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டாள்.

"கூறைய முன்னாடி குடுக்கிற பழக்கம் இல்லியே. அதுல ஊசி படலாமா? இப்பத்தான் டவுன்ல ஆள் வெச்சு மடிச்சுத் தர்றாங்களே, அனிதா எங்கியோ குடுக்கிறேன்னு சொன்னா."

"மடிச்சா போதாதுங்க. தைக்கணும்."

"ஏன்?"

பானு டம்ளரைக் கீழே வைத்தாள். பஸ் ஏறும்வரைக்கும் யோசித்து வைத்ததெல்லாம் தூக்கத்தில் போயிருந்தது. "நந்தினிக்கு இடது கை மார்புக்கு மேல தூக்க வராதுங்க. முந்தானை விழுறதும் அந்தத் தோள்லதான். தச்சுக் குடுத்துட்டா அவளே கட்டிக்குவா. அவளே கழட்டிக்குவா. அதுக்குத்தான் கேக்குறேன்."

பெரியம்மாள் ரோட்டைப் பார்த்தாள். ஒரு டூவீலர் சோளத்தின்மேல் ஏறிப் போனது. வழக்கமாக அவள் கத்தியிருப்பாள் போல, வாய் திறந்து மூடியது.

"சரியாயிடுச்சுன்னு உங்க மாமியா சொன்னாங்களே."

"ஆமாங்க. சொன்னாங்க."

"சோறு வடிப்பாளா?"

"வடிப்பா. கீழ வெச்சு வடிப்பா. பரண் மேலருந்து எதும் எடுக்க முடியாது. தல சீவ முடியாது. துணி காயப்போடக் கொடிய எறக்கிக் கட்டணும். புள்ளயத் தூக்குறதுக்கெல்லாம் ஒண்ணும் செரமம் இருக்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"இதயெல்லாம் இத்தன நாளு ஏன் சொல்லல?"

"பயந்துட்டாங்க."

"நீ பயப்படலியா?"

"எனக்குக் களைப்பா இருக்குங்கம்மா" என்றாள் பானு. அதைச் சொல்ல வேண்டும் என்று அவள் வரவில்லை.

பெரியம்மாள் எழுந்து மறுபடி சோளத்தைத் துழாவப் போய்விட்டாள். "அவன் வந்ததும் சொல்றேன். அவன்தான் முடிவு பண்ணணும்" என்று அங்கிருந்தே சொன்னாள். போய் வருகிறேன் என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பி வந்த பானு வீட்டில் விஷயத்தை மறைக்கவில்லை. உண்ணாமலை பானுவைத் திட்டிய திட்டு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. "என் பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போடுறதுக்கு நீ யாரு?" என்றாள். குருமூர்த்தி ஷிப்ட் முடிந்து வந்து இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "சொன்னது சரிதான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்று பானுவிடம் மட்டும் சொன்னான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை உண்ணாமலை தொடவில்லை.

சரத்குமார் மறுநாள் நந்தினியைக் கூப்பிட்டான். அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அவன் குரல் எழும்புவது பானுவுக்கு மிஷின் வரைக்கும் கேட்டது. நந்தினி குறைவாகத்தான் பேசினாள். "ஆமா." "தெரியல." "நெனச்சேன், சொல்லணும்னு நெனச்சேன்." திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"கை கெடக்குது கை, பத்து மாசமா என்கிட்ட பொய் சொல்லியிருக்கேங்கிறாரு. நான் கேட்டப்பல்லாம் எப்படிச் சொல்ல மனசு வந்துச்சுன்னு கேக்குறாரு."

"கல்யாணம்?"

"அதப் பத்திப் பேசல. வெச்சிட்டாரு."

அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து தகவல் இல்லை. பத்திரிகை கொடுத்து முடித்திருந்தார்கள். மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. வீட்டில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. பானு மட்டும் வேலையை நிறுத்தவில்லை. கையின் அடித்தையலைப் பிரித்து ஓரம் மடித்தாள். சாய்வுத் துண்டை வெட்டி வைத்தாள். கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தைத்தாள். கல்யாணம் நடக்கிறதோ இல்லையோ, பிரித்த துணியைப் பிரித்தபடி விட அவளால் முடியவில்லை.

சனிக்கிழமை வெயில் ஏறிய நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெரியம்மாள் தனியாக இறங்கினாள். கக்கத்தில் மஞ்சள் துணிப்பை. உண்ணாமலை ஓடிப்போய் வரவேற்றாள். தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பெரியம்மாள் வாங்கிக் குடித்தாள்.

"சம்பந்தி, நீங்க சொன்னது எனக்குப் பிடிக்கல. அத மனசுல வெச்சிக்கிட்டு உள்ள வர்றதுக்குப் பதிலா வாசல்லயே சொல்லிடுறேன்" என்றாள். உண்ணாமலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். பெரியம்மாள் அவளைத் தேற்றவில்லை. நேராக மிஷின் இருந்த இடத்துக்கு வந்து பையைப் பிரித்தாள். உள்ளே கூறைப் புடவை.

"கத்திரி படக்கூடாது."

"படாதுங்க. கையூசிதான். நூல இழுத்தா பிரிஞ்சுடும்."

"நான் உக்காந்து பாக்குறேன்."

அன்று மதியம் முழுக்க அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பானு கொசுவத்தை மடித்து மடித்து ஒரு நாடாவில் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் பிடித்தாள். முந்தானை மடிப்பைத் தோளுக்கு நேரே தைத்து, அதன் அடியில் ஒரு கொக்கி வைத்தாள். ரவிக்கையின் பின்தோளில் அதற்கு ஒரு வளையம். ஊக்கு குத்த வேண்டியதில்லை. இடையில் பெரியம்மாள் கொஞ்சம் கண்ணயர்ந்தாள், விழித்து, "எங்க விட்டே?" என்று கேட்டாள்.

தைத்து முடித்ததும் அவள் நந்தினியைக் கூப்பிட்டாள். "நீயே போட்டுக்க. யாரும் தொட வேணாம்."

அறைக்குள் இரண்டு பேரும் பார்த்திருக்க, நந்தினி ரவிக்கையை வலது கையில் விட்டு, தலையை நுழைத்தாள். இடப்பக்கம் தோளில் வந்து விழுந்தது. கொக்கிகளை அவள் ஒவ்வொன்றாகத் தேடி மாட்டினாள். நடுவில் ஒன்றைத் தப்பாக மாட்டி, பிரித்து, மறுபடி மாட்டினாள். பானுவின் கை தானாக எழுந்தது. பெரியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். நந்தினி புடவை நாடாவை இடுப்பில் கட்டி, சுற்றி, முந்தானையை வலது கையால் எடுத்துத் தோளில் போட்டுக் கொக்கியில் மாட்ட முயன்றாள். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை மாட்டியது. ரொம்ப நேரமாகியிருந்தது. நந்தினிக்கு மூச்சு வாங்கியது.

"இப்ப கழட்டு" என்றாள் பெரியம்மாள்.

கழற்றினாள். பிளேட் வைத்த இடத்துத் தழும்பைப் பெரியம்மாள் அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள். கிட்டப் போய் அதன்மேல் விரலை வைக்காமல், அதன் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க தொட்டா வலிக்குதா?"

"எரியும்."

"சரத்து கோவமாத்தான் இருக்கான். நான் ஒண்ணும் அவனுக்கு எடுத்துச் சொல்லல. நேத்து வந்து, கூறையக் குடுத்தியாம்மான்னு கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். நான் கெளம்பி வந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "உனக்கு நேரமாவும். ஆவட்டும். ஆனா என் வூட்ல பரவால்லன்னு சொல்லாத. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு" என்றாள்.

கல்யாணம் பெரம்பலூரில் நடந்தது. அனிதா நந்தினியை அறைக்குள் அழைத்துப்போனாள். பெரியம்மாள் எல்லாம் சொல்லி அனுப்பியிருந்ததால் கதவைச் சாத்திவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள். மாலை மாற்றும்போது நந்தினியின் மாலை மாப்பிள்ளையின் தலையில் ஒரு பக்கம் சிக்கி நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சரத்குமார் சிரிக்கவில்லை, தானே மாலையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டான். தாலி கட்டியபோதும் அவன் முகம் இறுகித்தான் இருந்தது. பானு மண்டபத்தின் பின்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கெட்டிமேளம் ஓய்ந்ததும் அப்படியே தூங்கிப்போனாள். பந்திக்கு யாரும் அவளை எழுப்பவில்லை.

அடுத்த வாரம் மறுவீட்டுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். சரத்குமார் குருமூர்த்தியோடு வெளியே போய்விட்டான். உண்ணாமலை இன்னும் பானுவிடம் நேராகப் பேசுவதில்லை. நந்தினி வழியாகத்தான் சொல்லி அனுப்பினாள்.

"எப்படி இருக்காரு?" என்று பானு கேட்டாள்.

"சண்ட வரும் அண்ணி. எதுக்காவது வரும். அப்பல்லாம், வேற என்ன சொல்லாம வெச்சிருக்கேன்னு ஒருவாட்டி கேட்டுருவாரு. கேக்கட்டும்." நந்தினி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "கல்யாணத்தன்னிக்குச் சாயங்காலம் நானே ரவிக்கையக் கழட்டுனேன். அவரு வெளிய நின்னு, முடியுதான்னு கேட்டாரு. முடியுது, நேரமாவும்னு சொன்னேன். நின்னுட்டே இருந்தாரு. இப்பல்லாம் தல அத்தைதான் சீவி விடுறாங்க. இழுத்து இழுத்துச் சீவுறாங்க."

பானு சிரித்தாள். சிரித்ததில் கொட்டாவியும் வந்தது.

"நீங்க போயி படுங்க. ஏனத்த நான் கழுவுறேன்."

"மேல கெடக்கிற சட்டி உனக்கு எட்டாது."

"எட்டாதத விட்டுடுறேன்."

பானு போய்ப் படுத்தாள். கொல்லையில் நந்தினி ஏனம் கழுவும் சத்தம் கேட்டது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே வெகுநேரம் இடைவெளி விழுந்தது. ஏதோ ஒன்று கைநழுவிக் கல்லில் உருண்டது. போய்ப் பார்க்கலாமா என்று பானு நினைத்தாள். பிறகு ஒருக்களித்துப் படுத்து, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.